சரியா, ரத்தா? – கணினிப் பொத்தான்களின் கதை

முன்னுரை

இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்த கட்டுரை. வேலை முடிந்து மூடும்போது திரையின் நடுவே ஒரு சின்னப் பெட்டி முளைக்கிறது. அதில் ஒரு கேள்வி. கீழே இரண்டு மூன்று பொத்தான்கள். கேள்வியை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. கை பழக்கத்தில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிடுகிறது. அது தவறான பொத்தானாக இருந்தால் இரவெல்லாம் பட்ட பாடு வீண். "கவனமாகப் படித்திருக்க வேண்டாமா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். அழுத்தியவரும் தன்னையே நொந்துகொள்வார்.

ஆனால் தவறு உண்மையில் யாருடையது? "ஆம்", "இல்லை", "சரி", "ரத்து" என்ற இந்தச் சொற்கள் பொத்தான்களில் வந்து உட்கார்ந்தது எப்படி? இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைப் பார்த்தால், பழி பெரும்பாலும் அழுத்தியவர் மீது விழுந்திருந்தாலும், குறை பெரும்பாலும் பொத்தானில் எழுதியவரிடம்தான் இருந்திருக்கிறது என்பது புரியும்.

கேள்வி கேட்ட கறுப்புத் திரை

1981-ல் ஐ.பி.எம். தனிக்கணினி வெளிவந்தது. அதோடு வந்த டாஸ் இயங்குதளத்தில் சுட்டியும் இல்லை, பொத்தானும் இல்லை. ஆனால் கேள்வி இருந்தது. பிளாப்பி வட்டைப் படிக்க முடியாமல் போனால் திரையில் மூன்று சொற்கள் தோன்றும்: அபார்ட், ரீட்ரை, இக்னோர். அதாவது கைவிடு, மறுபடி முயல், பொருட்படுத்தாதே. ஒவ்வொன்றின் முதல் எழுத்தைத் தட்ட வேண்டும்.

எதைக் கைவிடுவது? வட்டைப் படிப்பதையா, ஓடிக்கொண்டிருக்கும் நிரலையே கைவிடுவதா? நிரலைத்தான். சேமிக்காத வேலை இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். மூன்றாவது சொல் இன்னும் ஆபத்தானது. அதைத் தட்டினால், படிக்க முடியாததைப் படித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு நிரல் மேலே ஓடும். தவறான தகவல் உள்ளே நுழைந்துவிடலாம். கேட்பதற்குச் சாதுவாக இருக்கும் சொல் இதுதான்! பிற்பாடு வந்த பதிப்புகளில் "ஃபெயில்" என்று நான்காவது சொல்லும் சேர்ந்தது. தோல்வியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கணினி என்று இது கேலிக்கு ஆளானது. அமெரிக்காவின் பி.சி. மேகஸின் தன் நகைச்சுவைப் பக்கத்துக்கு "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?" என்றே பெயர் வைத்தது.

இந்தச் சொற்கள் நிரலாளருக்குத் தெளிவானவை. நிரலுக்குள் நடக்கும் மூன்று வெவ்வேறு செயல்களின் பெயர்கள் அவை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கணக்கருக்கு அவை எதையும் சொல்லவில்லை.

"என்னை ஏன் முட்டாள் என்கிறது?"

அதே 1981-ல் ஆப்பிள் நிறுவனத்தில் லிசா என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. சுட்டியால் அழுத்தும் பொத்தான்களோடு கூடிய உரையாடல் பெட்டிகள் அதில் இருந்தன. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆப்பிளுக்கு வந்திருந்த லாரி டெஸ்லர், கணினியையே அறியாதவர்களை உட்காரவைத்து அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனைகளை நடத்தினார். அந்நாளில் இது புதிய வழக்கம்.

லிசாவின் பெட்டிகளில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று "டூ இட்", அதாவது "செய்"; மற்றொன்று "கேன்சல்", அதாவது "ரத்து". சோதனைக்கு வந்த ஒருவர் "செய்" என்பதை அழுத்த வேண்டிய இடங்களில் எல்லாம் ரத்தை அழுத்திக்கொண்டிருந்தார். போகப்போக அவருக்குக் கோபமும் வந்தது. என்ன விஷயம் என்று கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. அந்த எழுத்துருவில் ஆங்கிலப் பெரிய எழுத்து "ஐ"யும் சிறிய எழுத்து "எல்"லும் ஒரே கோடு போல இருந்தன. இரண்டு சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும் அவர் கண்ணில் படவில்லை. ஆகவே "டூ இட்" என்பதை அவர் "டோல்ட்" என்று படித்திருக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு முட்டாள் என்று பொருள். இந்தக் கணினி தன்னை ஏன் முட்டாள் என்கிறது என்பதே அவருடைய கோபம்!

மேக்கின்டாஷை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிவு செய்த நிகழ்ச்சி இது. பேச்சுவழக்குச் சொல்லாக இருக்கிறதே என்று முதலில் தவிர்த்திருந்த "ஓகே"யை வடிவமைப்பாளர்கள் அதன்பின் ஏற்றுக்கொண்டார்கள். 1839-ல் பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில் வேடிக்கைச் சுருக்கெழுத்தாக அச்சேறிய "ஓகே" இப்படித்தான் 1983-ல் வெளிவந்த லிசாவிலும் 1984-ல் வெளிவந்த மேக்கின்டாஷிலும் இடம்பிடித்து, பின்பு உலகக் கணினிகளின் சொல்லாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மனிதர் கவனக்குறைவானவர் என்று யாரும் அவரை அனுப்பிவிடவில்லை. பொத்தானைத் திருத்தினார்கள். பின்வந்த பலர் மறந்துபோனது இந்தப் பண்பைத்தான்.

வினைச்சொல்லின் வரவு

"ஓகே" ஒரு சிக்கலைத் தீர்த்தது, இன்னொன்றை விட்டுவைத்தது. "டூ இட்" என்பதாவது ஒரு வினை. "ஓகே" என்பது வெறும் ஒப்புதல். எதற்கு ஒப்புதல் என்பதை மேலே உள்ள வாசகத்தைப் படித்தால்தான் அறிய முடியும்.

ஒரு கோப்பை மூடும்போது "மாற்றங்களைச் சேமிக்க வேண்டுமா?" என்று கேட்டு "ஆம், இல்லை, ரத்து" என்று பொத்தான் வைப்பது ஒரு முறை. இதிலே "இல்லை"க்கும் "ரத்து"க்கும் என்ன வேறுபாடு? ஒன்று வேலையை அழிக்கும். மற்றொன்று ஒன்றும் செய்யாமல் திரும்பவிடும். எதிரெதிர் விளைவுகள். ஆனால் சொற்கள் இரண்டும் மறுப்புச் சொற்கள்.

ஆப்பிள் 1992-ல் வெளியிட்ட மேக்கின்டாஷ் வடிவமைப்பு வழிகாட்டி நூல் இதற்கு வேறு வழியைச் சொன்னது. பொத்தானில் வினைச்சொல்லை எழுது: "சேமி", "சேமிக்காதே", "ரத்து". இப்போது மேலே உள்ள கேள்வியைப் படிக்காவிட்டாலும் பொத்தானே விளைவைச் சொல்லிவிடுகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. "சேமிக்காதே" என்ற பொத்தான் மற்ற இரண்டையும் விட்டுத் தள்ளி நின்றது. கை தவறினாலும் அழிக்கும் பொத்தானில் விழக்கூடாது. என்டர் விசையைத் தட்டினால் நடப்பது சேமிப்புதான். அவசரக்காரருக்கும் அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கும் வேலை பத்திரமாக இருக்கும்.

விண்டோஸின் ஆயத்த ஆடைகள்

உலகின் பெரும்பாலான மேசைகளில் இருந்தது மேக் அல்ல, விண்டோஸ். 1985-ல் முதல் பதிப்பு வந்த அந்த இயங்குதளம் நிரலாளர்களுக்கு "மெசேஜ் பாக்ஸ்" என்ற ஒரு வசதியைக் கொடுத்தது. ஒரே வரி நிரலில் ஒரு பெட்டியைக் காட்டிவிடலாம். ஆனால் பொத்தான்கள் ஆயத்த ஆடை போல முன்கூட்டியே தைத்து வைக்கப்பட்டவை. நெடுங்காலம் அதில் இருந்தவை ஆறே தொகுப்புகள்:

- ஓகே மட்டும்
- ஓகே, ரத்து
- ஆம், இல்லை
- ஆம், இல்லை, ரத்து
- மறுபடி முயல், ரத்து
- கைவிடு, மறுபடி முயல், பொருட்படுத்தாதே

கடைசித் தொகுப்பைப் பாருங்கள். டாஸின் கறுப்புத் திரையில் இருந்த அதே மூவர், பொத்தான் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

இதில் நன்மையும் இருந்தது. எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோல இருக்கும். பொத்தான் சொற்களை இயங்குதளமே அந்தந்த மொழியில் காட்டிவிடும். நிரலாளருக்கு வேலை குறைவு. ஆனால் "சேமி", "அழி", "அச்சிடு" என்று எழுத அந்த வசதியில் இடமில்லை. அதற்குத் தனியாகப் பெட்டி கட்ட வேண்டும். அத்தனை சிரமம் எடுத்துக்கொள்ளப் பலரும் விரும்பவில்லை.

விளைவு என்ன? பொத்தானில் எழுத முடியாததை வாசகத்தில் எழுதினார்கள். "சேமிக்க ஆம் என்பதை அழுத்தவும். சேமிக்காமல் வெளியேற இல்லை என்பதை அழுத்தவும். திரும்பிச் செல்ல ரத்து என்பதை அழுத்தவும்." மூன்று வரி விளக்கம், மூன்று பொத்தான். கதவில் "தள்ளு" என்று எழுதுவதற்குப் பதிலாகச் சுவரில் கட்டுரை எழுதி ஒட்டியது போன்ற நிலை. இணையதளங்களிலும் இதே கதைதான். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் உள்ள "கன்ஃபர்ம்" என்ற கட்டளை ஓகே, ரத்து என்ற இரண்டைத்தான் காட்டும். பெயரை மாற்ற வழியில்லை. "உங்கள் முன்பதிவை ரத்து செய்யவா?" என்று கேட்டு "ஓகே", "ரத்து" என்று பொத்தான் வைத்தால், ரத்து செய்ய விரும்புபவர் எதை அழுத்துவார்?

மாற்றம் மெல்ல வந்தது. லினக்ஸில் இயங்கும் குனோம் திட்டம் 2002-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பொத்தான்களில் வினைச்சொற்களே இருக்க வேண்டும் என்றது. 2007-ல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான், நிரலாளர் தாமே பெயர் எழுதிக்கொள்ளும் புதிய ஆயத்தப் பெட்டியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. முதல் விண்டோஸுக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய 21 ஆண்டுகள் ஓடிவிட்டன.

உயிரோடு விளையாடிய ஓர் எழுத்து

கோப்பு போனால் மறுபடி தட்டிக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் இழப்பு அவ்வளவோடு நிற்பதில்லை.

தெராக் 25 என்பது கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகள் இதில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். சிலர் உயிரிழந்தார்கள். மென்பொருளில் இருந்த பிழைகளும், பழைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் தடுப்புகளை நீக்கிவிட்டதும் முக்கியக் காரணங்கள். ஆனால் திரையில் தோன்றிய சொற்களுக்கும் இதில் பங்கு உண்டு.

1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில், இயந்திரத்தை இயக்கியவர் ஒரு தவறான எழுத்தைத் திருத்திவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கினார். இயந்திரம் நின்றது. திரையில் "மால்ஃபங்ஷன் 54" என்று வந்தது. அந்த எண்ணின் பொருளை இயக்குபவருக்கான கையேடு விளக்கவில்லை. கொடுக்க வேண்டியதைவிட மிகக் குறைந்த அளவே கதிர்வீச்சு போயிருப்பதாகவும் திரை காட்டியது. தொடர ஒரே ஒரு எழுத்தைத் தட்டினால் போதும்: "பி". இப்படிப்பட்ட நிறுத்தங்கள் அன்றாடம் வருபவை, பெரும்பாலும் தீங்கற்றவை. அவர் பழக்கப்படி தட்டினார். முதல் தாக்குதலில் வலியால் எழ முயன்றுகொண்டிருந்த நோயாளி மீது கதிர் மீண்டும் பாய்ந்தது.

இயக்கியவர் கவனமற்றவர் அல்லர். நாள்தோறும் பொய்யாக அலறும் மணியைக் கேட்டுப் பழகியவர். எதைத் தொடர்கிறோம், தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாத பொத்தான் அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது.

"நிச்சயமாகவா?" என்ற வீண் கேள்வி

ஆபத்தைத் தடுக்க நிரலாளர்கள் கண்டுபிடித்த எளிய வழி, இன்னொரு முறை கேட்பது. "நிச்சயமாக அழிக்க வேண்டுமா?" ஆப்பிளில் 1979-ல் மேக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின், 2000-ல் எழுதிய நூலில் இதன் குறையை எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி வந்தால், "ஆம்" என்பதும் அழிக்கும் செயலின் ஒரு பகுதியாகக் கைக்குப் பழகிவிடும். அப்புறம் அந்தக் கேள்வி தடுப்பாக இருக்காது.

விஸ்டாவில் இதை உலகமே பார்த்தது. பாதுகாப்புக்காக எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்ட பெட்டிகளைப் படிக்காமலே மக்கள் அழுத்தித் தள்ளினார்கள். 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் அந்தக் கேள்விகளைக் குறைக்க வேண்டியிருந்தது.

2018 ஜனவரி 13 அன்று காலை 8.07 மணிக்கு, ஹவாய் தீவுகளில் இருந்தவர்களின் கைப்பேசிகளில் ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தது. அது ஒத்திகை நேரம். அனுப்பிய அலுவலர் உண்மைத் தாக்குதல் என்றே தான் நம்பியதாகப் பின்னர் கூறினார். மென்பொருள் அவரிடம் ஒருமுறை உறுதி கேட்கத்தான் செய்தது: இந்த எச்சரிக்கையை நிச்சயமாக அனுப்ப வேண்டுமா? ஆனால் ஒத்திகைச் செய்தியானாலும் உண்மைச் செய்தியானாலும் அந்தக் கேள்வியின் சொற்கள் ஒன்றே. "மாநிலம் முழுதும் உள்ள கைப்பேசிகளுக்கு உண்மையான எச்சரிக்கை போகப்போகிறது" என்று பெட்டி சொல்லவில்லை. தவறான எச்சரிக்கை என்ற மறுப்புச் செய்தி கைப்பேசிகளுக்குப் போகவே 38 நிமிடங்கள் ஆயின. திரும்பப்பெறும் செய்தியை முன்கூட்டி ஆயத்தம் செய்துவைக்கவில்லை.

90 கோடி டாலர் கேள்வி

2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டும். கடனை நிர்வகித்தது சிட்டிபேங்க். அதன் மென்பொருளில், அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க வேண்டுமானால் மூன்று கட்டங்களில் குறியிட வேண்டும். ஒன்றில் மட்டும் குறியிடப்பட்டது. ஒருவர் பதிவு செய்ய, ஒருவர் சரிபார்க்க, ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. இந்தியாவில் இருந்த இருவரும் அமெரிக்காவின் டெலவேரில் இருந்த மேலாளரும் அப்படியே செய்தார்கள். மூவருமே அது சரியென்று நம்பினார்கள்.

மென்பொருள் எச்சரிக்காமல் இல்லை. பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரவா என்று கேட்டது. வட்டிப் பணம் வெளியே போகத்தானே வேண்டும்? ஆகவே தொடர்ந்தார்கள். எவ்வளவு போகும் என்பதைப் பெட்டி சொல்லவில்லை. போனது வங்கியின் சொந்தப் பணம், ஏறக்குறைய 90 கோடி டாலர்.

சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் மறுத்தார்கள். வழக்கு நடந்தது. 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எச்சரிக்கையில் தொகை குறிப்பிடப்படவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, பணம் வங்கிக்குத் திரும்ப வழிசெய்தது. ஈராண்டுப் போராட்டம்! பொத்தானில் "89 கோடி 40 லட்சம் டாலரை அனுப்பு" என்று எழுதியிருந்தால், அந்த மூவரில் ஒருவராவது கையை எடுத்திருப்பார் அல்லவா?

கேட்பதைவிட மீட்பது மேல்

ராஸ்கின் போன்றவர்கள் சொன்ன மாற்று எளிமையானது. கேள்வி கேட்காதே, செய்ததைத் திருப்ப வழி கொடு. லிசாவிலேயே அழித்த கோப்பு ஒரு குப்பைக்கூடைக்குத்தான் போனது. 1995-ல் விண்டோஸும் அப்படி ஒரு கூடையைக் கொடுத்தது. 2009-ல் ஜிமெயில், அனுப்பிய கடிதத்தைச் சில நொடிகளுக்குள் திரும்பப்பெறும் வசதியைச் சோதனை முறையில் தந்தது. "நிச்சயமாக அனுப்பவா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். தவறு தெரிவது அனுப்பிய அடுத்த நொடியில்தான். மனித இயல்பை அறிந்து செய்த வசதி இது.

தமிழில் பேசும் பொத்தான்கள்

இந்த விஷயத்தில் தமிழ் மொழிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் "காபி குடிக்கிறீர்களா?" என்று கேட்டால், "ஆம்" என்றோ "இல்லை" என்றோ யாரும் சொல்வதில்லை. "குடிக்கிறேன்" என்பார்கள், அல்லது "வேண்டாம்" என்பார்கள். கேள்வியில் உள்ள வினையையே விடையாகச் சொல்வது நம் பேச்சு வழக்கம். "இல்லை" என்பது ஒன்று இல்லாததைச் சொல்வது. மறுப்பதற்கு "வேண்டாம்" இருக்கிறது.

ஆகவே "சேமிக்க வேண்டுமா?" என்ற கேள்விக்குக் கீழே "ஆம், இல்லை" என்று போட்டால் அது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. "சேமி", "சேமிக்க வேண்டாம்" என்று போட்டால் குழந்தைக்கும் புரிகிறது. "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற துக்கச் செய்திக்குக் கீழே "சரி" என்று ஒரு பொத்தான் நிற்பதைப் பார்க்கும்போது, என்ன சரி என்றுதான் கேட்கத் தோன்றும். அங்கே "மூடு" என்பதே போதும்.

தெரிந்தே குழப்புபவர்கள்

இதுவரை பார்த்தவை அறியாமல் நேர்ந்த குழப்பங்கள். அறிந்தே குழப்புபவர்களும் உண்டு. 2010-ல் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் இவற்றுக்கு "டார்க் பேட்டர்ன்" என்று பெயரிட்டார். 2016-ல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொன்ன பெட்டியை, மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தது. எதிர்ப்பு எழுந்தபின் மறுக்கும் பொத்தானை மைக்ரோசாஃப்ட் தெளிவாக வைத்தது. குக்கீகளை ஏற்க ஒரு சொடுக்கு, மறுக்கப் பல சொடுக்கு என்று வைத்ததற்காக கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்திருப்பதை 2022 ஜனவரியில் பிரான்ஸ் அறிவித்தது. இந்தியாவிலும் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மறுப்பவரைக் கூச்சப்படவைக்கும் பொத்தான் வாசகமும் அந்தப் பட்டியலில் உண்டு.

முடிவுரை

ஒரு பொத்தானில் இரண்டு மூன்று சொற்களுக்குத்தான் இடம். அந்த இடத்தில் நடக்கப்போவதைச் சொல்லும் வினை இருக்க வேண்டும். தொகை பெரிதானால் தொகையும், இடம் முக்கியமானால் இடமும் அருகிலேயே இருக்க வேண்டும். முடிந்தால் திரும்பிவர ஒரு வழியும் இருக்க வேண்டும். இவ்வளவுதான் நாற்பது ஆண்டுப் பாடம்.

1981-ல் தன்னை முட்டாள் என்று கணினி சொல்வதாகக் கோபப்பட்டவர் ஒரு விதத்தில் சரியாகத்தான் படித்திருக்கிறார். தெளிவில்லாத பொத்தானை வைத்துவிட்டு, தவறாக அழுத்தியவரைக் குறை சொல்லும் ஒவ்வொரு பெட்டியும் அவரை அப்படித்தான் அழைக்கிறது.